இலண்டன் நிலத்தடிக் குழாய்கள்: மட்ட வரைபடத்திலிருந்து கணினி மாதிரி வரை

ஆய்வுச் சுருக்கம்

இலண்டன் மாநகரின் நிலத்தடியில் உள்ள குடிநீர், கழிவுநீர், எரிவாயுக் குழாய்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தவும் அளவிடவும் 1848 முதல் இன்றுவரை மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஒரு குழாயைப் பற்றிய அறிவு இடம், உரிமை, ஓட்டம், அளவு, நம்பகம் என ஐந்தாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் எந்தத் தேவையால், எப்போது பதிவுக்குள் வந்தது என்பது காட்டப்படுகிறது. முதல் நான்கும் கணினி மாதிரியில் ஒன்றிணைந்த பின்னரே ஐந்தாவதான நம்பகம் முறையான இடம்பெற்றது என்பதும், அது இல்லாத மாதிரி அறியாமையைத் துல்லியமாகத் தோற்றுவிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச் சொற்கள்: இலண்டன், நிலத்தடிக் குழாய்கள், கணினி மாதிரி, அளவுப்பட்டியல், ஜான் ஸ்நோ, ஜோசப் பசல்ஜெட், தரநிலை

முன்னுரை

ஒரு நகரத்தின் கட்டடங்களையும் தெருக்களையும் எவரும் நேரில் கண்டு எண்ணலாம். அத்தெருக்களுக்கு அடியில் கிடக்கும் குழாய்களை அவ்வாறு எண்ண இயலாது. பதிக்கப்பட்ட அன்று பணியாளர்கள் கண்டதோடு சரி. மண் மூடிய பிறகு அந்தக் குழாய் ஒரு பதிவாக மட்டுமே எஞ்சுகிறது. பதிவு பிழையானால் குழாய் இருந்தும் இல்லாததாகிறது. இல்லாத இடத்தில் இருப்பதாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே நிலத்தடிக் குழாய்களின் வரலாறு பெருமளவு அவற்றைப் பற்றிய ஆவணங்களின் வரலாறே ஆகும்.

இன்று இந்த ஆவணப் பணியைக் கணினி மாதிரி மென்பொருள்கள் ஏற்றுள்ளன. குழாயின் முப்பரிமாண வடிவம், விட்டம், பொருள், சாய்வு, ஆழம் ஆகியவற்றை ஒரே தரவுத்தொகுப்பில் வைத்து, நீளத்தையும் தோண்டவேண்டிய மண்ணின் கன அளவையும் அவை உடனடியாகக் கணக்கிட்டுத் தருகின்றன. இம்மென்பொருள்கள் முற்றிலும் புதிய அறிவைக் கொண்டுவந்தன என்னும் கருத்து பொறியியல் வட்டங்களில் பரவலாக உண்டு. ஆனால் அவை விடையளிக்கும் வினாக்கள் பழமையானவை. குழாய் எங்கே உள்ளது, யாருடையது, அதில் எவ்வளவு ஓடுகிறது, அது மொத்தம் எவ்வளவு, இந்த விடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பனவே அவை. இந்த ஐந்து வினாக்களும் பதிவுக்குள் வந்த முறையை இலண்டனை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மிகப் பழைய பதிவுகளும் மிக அண்மைய பதிவேடும் ஒரே நகரில் தொடர்ச்சியாகக் கிடைப்பதே இலண்டனைத் தேர்ந்ததற்குக் காரணம்.

1. இடம்: மட்டமும் வரைபடமும் (1848–1875)

1848–49ஆம் ஆண்டுகளில் பரவிய காலரா இலண்டனில் ஏறத்தாழ 14,000 உயிர்களைக் கொண்டது. அதே காலத்தில், பல்வேறு வட்டார அமைப்புகளிடம் சிதறிக் கிடந்த கழிவுநீர்ப் பொறுப்பைப் பெருநகரக் கழிவுநீர் ஆணையம் ஏற்றது. தன் எல்லைக்குள் உள்ள தெருக்களின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரே சீரான வரைபடம் அந்த ஆணையத்திடம் இல்லை. எனவே ஆர்டினன்ஸ் சர்வே எனும் அரசு நில அளவை நிறுவனத்திடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. புனித பால் பேராலயத்தின் உச்சிச் சிலுவைக்கும் மேலாகச் சாரம் கட்டி, அங்கிருந்து படைப்பிரிவு அளவையாளர்கள் நகரைக் கோணங்களால் அளந்தனர். 1 மைலுக்கு 5 அடி என்னும் பேரளவுத் தாள்கள், அதாவது 1:1056 அளவுகோலில், உருவாயின.

இவ்வரைபடங்களின் பெறுமதி தெருக்களின் உருவத்தைவிட மட்டங்களிலேயே இருந்தது. கழிவுநீர் புவியீர்ப்பால் ஓடுவது. சாய்வு தவறினால் தேங்கும். ஆகவே நிலமட்டத்தையும் குழாயின் உள் அடிமட்டத்தையும் ஒரே அடிப்படையிலிருந்து அளந்தாலன்றித் திட்டமிட இயலாது. பெருநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் 1859இல் தொடங்கிய இடைமறிப்புக் கழிவுநீர்க் கால்வாய்கள் இந்த அறிவின் மீதே எழுந்தன. ஏறத்தாழ 82 மைல், அதாவது 132 கிலோமீட்டர் நீண்ட அந்த முதன்மைக் கால்வாய்களின் சாய்வு பல இடங்களில் மைலுக்கு 2 அடி மட்டுமே. மைலுக்கு 2 அடி என்பது 2640இல் 1 பங்கு. இத்தகைய நுண்ணிய சாய்வில் சில அங்குல மட்டப் பிழையும் ஓட்டத்தைக் கெடுக்கும்.

எனவே குழாயின் இடம் என்பது தொடக்கத்திலிருந்தே நீளம், அகலம், மட்டம் என முப்பரிமாணமாகவே உணரப்பட்டது. ஆனால் இவ்வுணர்வு கழிவுநீருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அழுத்தத்தால் ஓடும் குடிநீருக்கும் எரிவாயுவுக்கும் சாய்வு முதன்மையானதன்று. அவற்றின் ஆழத்தைக் குறித்துவைக்கும் கட்டாயம் பதித்தவர்களுக்கு இல்லை. பெரும்பாலான பழைய குடிநீர், எரிவாயு வரைபடங்களில் ஆழம் காணப்படாமைக்கு இதுவே தோற்றுவாய். பிற்கால மாதிரிகள் எதிர்கொண்ட பெரிய வெற்றிடமும் இதுவே.

2. உரிமை: ஒரே தெருவில் இரு நிறுவனங்கள் (1854)

இடம் தெரிந்தால் போதாது, யாருடைய குழாய் என்பதும் தெரியவேண்டும் என்பதை 1854ஆம் ஆண்டுக் காலரா உணர்த்தியது. தென் இலண்டனின் பல பகுதிகளில் சதர்க் அண்டு வாக்சால், லாம்பெத் என்னும் இரு நிறுவனங்களின் குடிநீர்க் குழாய்கள் ஒரே தெருக்களில் ஓடின. அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நிறுவனங்களின் நீரைப் பெற்றன. லாம்பெத் நிறுவனம் 1852இல் தன் நீரெடுப்பு நிலையத்தை நகருக்கு மேலே தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. மற்றதோ பேட்டர்சியில், நகரின் கழிவு கலந்த ஆற்றிலிருந்தே நீர் எடுத்தது.

இறந்தவர் வாழ்ந்த வீட்டுக்கு எந்த நிறுவனம் நீர் வழங்கியது என்று மருத்துவர் ஜான் ஸ்நோ வீடுவீடாக வினவினார். வீட்டு உரிமையாளரே நீர்க்கட்டணம் செலுத்தியதால் குடியிருந்தோர் பலருக்கு விடை தெரியவில்லை. அப்போது அவர் நீரையே சாட்சியாக்கினார். வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து நீரிலுள்ள உப்பை அளந்தார். ஒரு காலன் நீரில் தேம்ஸ் டிட்டன் நீர் 0.95 கிரெயின் உப்பையும், சதர்க் அண்டு வாக்சால் நீர் 37.9 கிரெயின் உப்பையும் கொண்டிருந்தன. இவ்வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிறுவனத்தைக் காட்டியது.

இவ்வாறு பெற்ற தகவலை நிறுவனங்கள் அளித்திருந்த வீடுகளின் எண்ணிக்கையோடு அவர் இணைத்தார். கொள்ளைநோயின் முதல் 7 வாரங்களில் சதர்க் அண்டு வாக்சால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 இறப்புகள். 10,000 வீடுகளுக்கு முறையே 315, 37 என்பது விகிதம்.

மருத்துவ வரலாற்றில் பெரிதும் பேசப்படும் இந்த அட்டவணை குழாய் ஆவண வரலாற்றுக்கும் உரியது. இன்றைய மென்பொருள் மொழியில் கூறினால், ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உரிமையாளர் எனும் பண்பு விவரத்தைச் சேர்த்து, அதன்படி தொகுத்து எண்ணியதே ஸ்நோ செய்த பணி. அந்த ஒரு விவரம் இல்லாத நிலையில் தெரு முழுவதும் ஒரே குழாய் போலத் தோன்றியது. அது சேர்ந்ததும் நோயின் வழி புலப்பட்டது. மேலும், பதிவில் இல்லாத விவரத்தைப் பெற அவர் களத்துக்குச் சென்று சோதனை செய்ய நேர்ந்தது. பதிவால் அறிந்ததும் சோதனையால் அறிந்ததும் ஒரே தரத்தன அல்ல என்னும் வேறுபாடு இங்கேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதைக் குறிக்கும் முறை தோன்ற ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

3. ஓட்டம்: கணக்கிலிருந்து கணினிக்கு (1936–2000)

குழாய்ப் பின்னலில் நீர் எத்திசையில், எவ்வளவு ஓடும் என்பது அடுத்த வினா. தனிக்குழாய் ஒன்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் சூத்திரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. ஆனால் நகரக் குழாய்கள் வளையங்களாக இணைந்தவை. ஒன்றில் ஏற்படும் மாற்றம் எல்லாவற்றையும் பாதிக்கும். இச்சிக்கலுக்கான வழி இங்கிலாந்திலன்றி அமெரிக்காவில் கிடைத்தது. இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1936இல் வெளியிட்ட முறையில், முதலில் ஓட்டங்களை ஊகித்துக்கொண்டு, ஒவ்வொரு வளையத்திலும் எஞ்சும் பிழையைக் கண்டு மீண்டும் மீண்டும் திருத்தவேண்டும். தாளும் பென்சிலும் போதுமானவை. பொறுமை மிகுதியாக வேண்டும்.

1950ஆம் ஆண்டையொட்டி, நீர்க்குழாய்களுக்கு ஈடாகச் சிறப்பு மின்தடைகளை இணைத்து ஓட்டத்தை மின்னோட்டமாக அளக்கும் மெக்கில்ராய் பகுப்பாய்வுக் கருவி அமெரிக்காவில் பயன்பட்டது. 1957இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரக் குழாய்ப் பின்னலுக்குக் கிராஸ் முறையை மின்னணுக் கணினியில் செயற்படுத்திய ஆய்வு வெளியானது. இங்கிலாந்தில் மழைநீர், கழிவுநீர் வடிவமைப்புக்கான வாலிங்ஃபோர்டு முறை 1981இல் கணினி நிரல்களோடு வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993இல் இலவசமாக வெளியிட்ட இபாநெட் மென்பொருளும், 2000இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் உலகெங்கும் பரவின.

இம்மாதிரிகளில் குழாய் என்பது இரு முனைகளை இணைக்கும் ஒரு கோடு. அதற்கு நீளம், விட்டம், சொரசொரப்பு என்னும் எண்கள் உண்டு. அது தெருவின் இடப்புறமா வலப்புறமா என்பது ஓட்டக் கணக்குக்குத் தேவையில்லை. ஆகவே கணினிக்குள் முதலில் நுழைந்தது குழாயின் செயலே, இடமன்று. ஓட்ட மாதிரி வேறாகவும் வரைபடம் வேறாகவும் நெடுங்காலம் நிலவியதற்கு இதுவே காரணம்.

4. இடம் மீண்டும்: எண்வரைபடமும் இடம்பெயர்ந்த குழாய்களும் (1982–2011)

பிரிட்டனின் பயன்பாட்டு நிறுவனங்கள் தம் பதிவுகளை ஆர்டினன்ஸ் சர்வே தாள்களின் மீது கையால் வரைந்து வைத்திருந்தன. நடைபாதை விளிம்புக்கல்லிலிருந்தோ வீட்டுச் சுவரிலிருந்தோ இத்தனை அடி என்று அளந்து குறிப்பதே வழக்கம். சாலை அகலப்படுத்தப்பட்டால் விளிம்புக்கல் நகரும். வீடு இடிக்கப்பட்டால் சுவர் மறையும். அளவு எண் மாறாமலே பொருள் இழக்கும்.

1980களின் தொடக்கத்தில், பல நிறுவனங்களின் பதிவுகளை ஒரே எண்வரைபடத்தில் பகிரும் சோதனை டட்லி நகரில் நடந்தது. 1995இல் ஆர்டினன்ஸ் சர்வே தன் பேரளவு வரைபடங்கள் அனைத்தையும் எண்முறைக்கு மாற்றி முடித்தது. இதற்கிடையே 1991ஆம் ஆண்டுப் புதிய சாலைகள் மற்றும் தெருப்பணிகள் சட்டம், பதித்த அல்லது கண்டறிந்த ஒவ்வொரு அமைப்பின் இருப்பிடத்தையும் நிறுவனங்கள் பதிவுசெய்யவேண்டும் எனத் தன் 79ஆம் பிரிவில் பணித்தது.

எண்முறை மாற்றம் ஓர் எதிர்பாராத சிக்கலையும் வெளிப்படுத்தியது. செயற்கைக்கோள் வழி இடமறியும் முறையோடு ஒப்பிட்டபோது பழைய ஊரக வரைபடங்கள் சிறிது விலகியிருப்பது தெரிந்தது. 2001 முதல் 2006 வரை ஆர்டினன்ஸ் சர்வே அவற்றைத் திருத்தியது. வீடுகளும் சாலைகளும் சரியான இடத்துக்கு நகர்ந்தன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்ட குழாய்களோ பழைய இடத்திலேயே நின்றன. நிறுவனங்கள் தம் தரவையும் அதற்கேற்ப நகர்த்த நேர்ந்தது. மண்ணுக்குள் ஒரு குழாயும் அசையவில்லை. பதிவில் எல்லாம் இடம்பெயர்ந்தன.

2011 அக்டோபர் 1 அன்று மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியார் பொறுப்பில் இருந்த கூட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் சட்டத்தால் நீர் நிறுவனங்களின் உடைமையாயின. அவற்றுள் பெரும்பாலானவை எந்த வரைபடத்திலும் இல்லாதவை. வீட்டையும் அருகிலுள்ள பொதுக் குழாயையும் இணைத்து ஊகக்கோடு வரையும் வழி இத்தகைய நிலையில் பயன்படுகிறது. கண்டு வரைந்த கோடும் ஊகித்து வரைந்த கோடும் கணினித் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறியும் குறி இல்லையெனில், பின்னர் அப்பதிவைப் பயன்படுத்துவோருக்கு அவ்வேறுபாடு என்றென்றைக்கும் மறைந்துவிடும்.

5. அளவு: அளவுப்பட்டியலும் முப்பரிமாண மாதிரியும்

குழாய்ப் பணியின் ஒப்பந்தங்கள் அளவுப்பட்டியலின் மீதே அமைகின்றன. பிரிட்டனில் கட்டுமானப் பொறியாளர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட தர அளவீட்டு முறை இதற்கு விதிகள் வகுத்தது. குழாய்கள் பொருள், விட்டம், பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றால் வகுக்கப்படுகின்றன. ஆழம் 1.5 மீட்டர் வரை, 1.5 முதல் 2 மீட்டர் வரை எனப் படிகளாகப் பிரிகிறது. படி உயர உயர விலையும் உயரும். மேன்ஹோல் எனப்படும் ஆள்நுழைகுழிகளில் நுழையும் குழாயின் நீளம் குழியின் உட்சுவர் வரையே அளக்கப்படும்.

கையால் அளந்த காலத்தில் இது நாட்கணக்கில் நீளும் பணி. நிலமட்டக் குறுக்குவெட்டின் மீது குழாய்க்கோட்டை வரைந்து, ஒவ்வொரு ஆழப் படியிலும் அடங்கும் நீளத்தை அளவுகோலால் எடுத்து அட்டவணையில் எழுதுவர். 2000களில் பரவிய சிவில் 3டி போன்ற மென்பொருள்கள் இதை மாற்றின. அவற்றில் நிலப்பரப்பு ஒரு முப்பரிமாண மேற்பரப்பு. குழாயும் குழியும் தத்தம் விட்டமும் மட்டமும் கொண்ட பொருள்கள். குழாயின் சாய்வை மாற்றினால் ஆழமும், ஆழப் படிகளின் நீளமும், மண்ணின் கன அளவும் தாமே மாறும்.

எனினும் எந்த விதியின்படி எண்ணுவது என்பதைப் பயனரே முடிவுசெய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 1.2 மீட்டர் உள்விட்டமுள்ள இரு குழிகளின் மையங்களுக்கு இடையே 50 மீட்டர் தொலைவு எனக் கொள்வோம். மையத்திலிருந்து மையம் வரை எண்ணினால் 50 மீட்டர். உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை 48.8 மீட்டர். இத்தகைய 200 பகுதிகளில் வேறுபாடு 240 மீட்டர் ஆகிறது. மாறாக, 100க்கு 1 என்னும் சாய்வில் கிடைநீளத்துக்கும் சாய்நீளத்துக்கும் உள்ள வேறுபாடு 50 மீட்டருக்கு 2.5 மில்லிமீட்டர் மட்டுமே. முப்பரிமாண மாதிரியின் சிறப்பாகப் பேசப்படும் சாய்நீளம் பட்டியலில் ஏறக்குறைய ஒன்றும் மாற்றுவதில்லை. பழைய அளவீட்டு விதியோ பெரிதும் மாற்றுகிறது. மென்பொருளின் உண்மையான பயன் ஆழத்தைக் கையாள்வதில் உள்ளது. ஆனால் முற்பகுதியில் கண்டவாறு, பழைய குழாய்களைப் பொறுத்தவரை பதிவுகளில் மிகுதியும் இல்லாதது ஆழமே.

6. நம்பகம்: அறியாமைக்கு ஒரு குறியீடு

இந்த முரண்பாட்டை எதிர்கொள்ளும் முறையான வழியை அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் 38-02 என்னும் தரநிலை வகுத்தது. குழாய்ப் பதிவுகளை அறிந்த விதத்தைக் கொண்டு நான்கு தரங்களாக அது பிரித்தது. இத்தகைய நிலத்தடி ஆய்வுப் பணியின் பொருளாதாரப் பயனை 71 சாலைத் திட்டங்களில் ஆராய்ந்த பர்டூ பல்கலைக்கழகம், செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமானதாக 1999இல் அறிவித்திருந்தது. பிரிட்டனில் பாஸ் 128 என்னும் விவரக்குறிப்பு 2014இல் வெளியானது. அதன்படி ஆவணங்களால் மட்டும் அறிந்தது டி தரம். களத்தில் மூடிகள், வால்வுகள் முதலியவற்றைக் கண்டு உறுதிசெய்தது சி. கருவியால் கண்டறிந்தது பி. தோண்டிப் பார்த்து அளந்தது ஏ.

பி தரத்தின் உட்பிரிவுகள் வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கவை. பி1 என்னும் உயர்ந்த உட்பிரிவில் ஆழத்துக்கு 15 விழுக்காடு வரை பிழை ஏற்கப்படுகிறது. பி4 என்பதோ, இருப்பதாகக் கருதப்பட்டும் கருவியால் கண்டறிய இயலாத குழாய்க்கு உரியது. தேடியும் கிடைக்கவில்லை என்னும் நிலையே ஒரு தரவாகப் பதிவு பெறுகிறது. மின்காந்தக் கருவி உலோகக் குழாயைக் காட்டும். நெகிழிக் குழாயைக் காட்டாது. தரை ஊடுருவு ராடாரின் அலைகள் இலண்டனின் களிமண்ணில் விரைவில் வலுவிழக்கும். எனவே இக்குறியீடு வெறும் முன்னெச்சரிக்கையன்று. இலண்டன் மண்ணின் இயல்பிலிருந்தே எழும் தேவை.

இதை அளவுப்பட்டியலோடு இணைத்துக் காணலாம். 2 மீட்டர் ஆழத்தில் உள்ள பழைய குழாயை 0.9 மீட்டர் அகலப் பள்ளம் தோண்டி 50 மீட்டர் நீளத்துக்கு மாற்றுவதாகக் கொண்டால், தோண்டும் மண் 90 கன மீட்டர். பி1 தரத்திலேயே ஆழப் பிழை 0.3 மீட்டர் வரை இருக்கலாம், அதாவது 13.5 கன மீட்டர் கூடவோ குறையவோ செய்யலாம். விலைப்படியும் மாறலாம். மென்பொருளோ 90.00 என்று இரு பதின்ம இடங்களோடு அச்சிடும். அந்தப் பதின்மங்கள் கணக்கின் துல்லியம். குழாயைப் பற்றிய அறிவின் துல்லியம் அல்ல.

7. தேசியப் பதிவேடு

பிரிட்டன் அரசின் மதிப்பீட்டின்படி நாட்டின் நிலத்தடியில் ஏறத்தாழ 40 லட்சம் கிலோமீட்டர் குழாய்களும் கம்பிவடங்களும் உள்ளன. 7 நொடிக்கு ஒரு பள்ளம் தோண்டப்படுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 முறை அவை தவறுதலாகச் சேதமடைகின்றன. இழப்பு 240 கோடி பவுண்டு. எரிவாயுக் குழாயையோ உயர் மின்னழுத்த வடத்தையோ தாக்கும் பணியாளரின் உயிரும் இதில் அடங்கியுள்ளது. 600க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் தரவை ஒரே அமைப்பில் காட்டும் தேசிய நிலத்தடிச் சொத்துப் பதிவேட்டின் முதல் வடிவம் 2023இல் இலண்டன், வடகிழக்கு இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளுக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் சட்ட அடிப்படை தந்தது.

1854இல் ஸ்நோ தெருத்தெருவாக அலைந்து தேடிய உரிமை விவரம் இப்பதிவேட்டில் உரிமம் பெற்ற பயனருக்கு ஒரு நொடியில் கிடைக்கிறது. ஆயினும் அது நிறுவனங்கள் தரும் பதிவுகளை ஒருங்கிணைப்பதே; குழாய்களைப் புதிதாகக் கண்டறிவதன்று. விளிம்புக்கல்லிலிருந்து அளந்த பழைய கோடும் நேற்றுத் தோண்டி அளந்த கோடும் அதில் அருகருகே அமைகின்றன. பள்ளம் தோண்டுகையில் கண்ட உண்மை பதிவேட்டுக்குத் திரும்பி வரும்போதே அது காலப்போக்கில் மேம்படும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. குழாயைப் பற்றிய ஐவகை அறிவும் வெவ்வேறு நெருக்கடிகளால், வெவ்வேறு காலங்களில் பதிவுக்குள் வந்தன. கணினி மாதிரி அவற்றை உருவாக்கவில்லை; ஒன்றிணைத்தது.

2. ஆழம் கழிவுநீருக்கு மட்டும் தேவையெனக் கருதப்பட்ட 19ஆம் நூற்றாண்டு வழக்கத்தின் விளைவு இன்றைய முப்பரிமாண மாதிரிகளிலும் தொடர்கிறது.

3. அளவுப்பட்டியலில் மென்பொருளின் முப்பரிமாணத் துல்லியத்தைவிட, எண்ணும் விதியும் மூலத்தரவின் தரமும் மிகுந்த வேறுபாட்டை விளைவிக்கின்றன.

4. நம்பகத் தரம் குறிக்கப்படாத மாதிரியில் கண்டதும் ஊகித்ததும் ஒரே தோற்றம் பெறுகின்றன. ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் விட்டமும் பொருளும் போலவே, அறிந்த விதமும் கட்டாயப் பண்பு விவரமாக அமையவேண்டும்; அளவுப்பட்டியலும் அத்தரங்களின்படி பிரித்துக் காட்டப்படவேண்டும்.

நகரங்களின் பழைய குழாய் வரைபடங்களை எண்முறைக்கு மாற்றும் பணிகள் பல நாடுகளில் நடைபெறும் இக்காலத்தில், கோட்டை மட்டும் நகலெடுத்து அது வரையப்பட்ட ஆண்டையும் அளந்த முறையையும் விட்டுவிடும் அபாயம் உண்டு. அவ்விவரங்கள் தாளின் ஓரக்குறிப்புகளில்தான் பெரும்பாலும் காணப்படும். அவற்றைப் படித்து மதிப்பிடும் பணியில் பொறியாளரோடு வரலாற்று ஆய்வாளருக்கும் இடம் உண்டு.